தட்டில் முளைத்த கை

தையல்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்ததில் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் அவர் கடையில் துணி தைக்கக் கொடுத்தவர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சை எப்படியாவது வளைத்து வியாதிக்குக் கொண்டுவந்துவிடுவார். பிறகு இன்சுலின் குப்பியை எடுத்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்.

"இது கடைச்சரக்கு மாதிரி இல்ல. என் பொண்டாட்டி கை பட்ட மருந்து" என்பார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் காதில் இது விழும். ஊசி பாதி வழியில் நின்றுவிடும். அவள் கை அந்த மருந்தின் மேல் ஒரு நாளும் பட்டதில்லை. மருந்து இருக்கும் அறைக்குள்ளேயே அவள் போகக் கூடாது என்று அவள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி சொல்லிவிட்டது. அதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வேலை இடத்தில் அவளுக்கு நுரைக்காரி என்று பெயர். கல்யாணமான புதிதில் அவள் சேர்ந்தது அரசாங்கத்தின் மருந்துத் தொழிற்சாலை. மாடி வீட்டு உயரத்துக்கு இரும்புத் தொட்டிகள். உள்ளே சர்க்கரைப் பாகில் ஒரு பூஞ்சணத்தை வளர்ப்பார்கள். அது கக்குவதுதான் காய்ச்சலுக்கும் சீழ்ப் புண்ணுக்கும் மருந்து. காற்றை ஊத ஊதத் தொட்டிக்குள் நுரை எழும்பும். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து, பாலைப் பொங்கவிடாமல் பிடிப்பதுபோல, நேரம் பார்த்து எண்ணெய் விட வேண்டும். தவறினால் நுரை மேல்குழாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வந்து படிக்கட்டெல்லாம் இறங்கி ஓடும். அவள் ஷிப்டில் அப்படி ஓடியதே இல்லை என்று சொல்ல முடியாது. ஓடியிருக்கிறது. ஆனால் மற்றவர்கள் ஷிப்டைவிடக் குறைவு. அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களை மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். நனைந்த சாக்கும் புளித்த மாவும் சேர்ந்தாற்போல ஒரு வாடை, குளித்தாலும் போகாது. பேருந்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கூட வேலை பார்த்த நெட்டை என்பவன், பெயருக்கு ஏற்றபடி கூரையில் தலை இடிக்கும் உயரம், "நமக்கென்னக்கா, காலை நீட்டிக்கிட்டு ராஜா மாதிரி போகலாம்" என்று சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அந்த வாடையில் அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் உடைக்கிற மருந்துப் புட்டியில் தன் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். நம் நாட்டுக்கு வேண்டியதை நாமே செய்துகொள்கிறோம் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருமுறை வால்வுச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று அவள் வலது சுண்டுவிரலை நசுக்கியது. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அதைக்கூட அவள் மறைத்ததில்லை.

பிறகு ஒரு வருஷம் அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. அதே மருந்துத் தூள் கப்பலில் வந்து இறங்கினால் பாதிக்கும் குறைவான விலை, பிறகு எதற்கு இந்தத் தொட்டிகள் என்று தோன்றியது. மின்சாரத்தை நிறுத்தினார்கள். தொட்டிகள் குளிர்ந்தன. வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்கள் மழைக்காலம் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஊரில் வாடை இல்லாமல் போனதைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் பேசினார்கள்.

அவளும் நெட்டையும் பிழைத்தது புரொபசரால். வெளிநாட்டில் நுண்ணுயிர் படிப்பு படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்து, திரும்பி வந்தவர் அவர். ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஏலத்தில் இரும்பு விலைக்குப் போன தொட்டிகளில் சிலதை வாங்கிப் போட்டு, துணி சோப்புத் தூளில் கலக்கிற நொதிச் சரக்கு செய்ய ஆரம்பித்தார். தொட்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டுமே. இருவரையும் வீடு தேடி வந்து கூட்டிப் போனார். பயோடெக் என்ற வார்த்தை அப்போதுதான் ஊருக்குள் நுழைந்தது. புதிதாக வந்த தையல் மெஷினின் பெயராக இருக்கும் என்று தையல்காரர் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கிடங்கு கட்டிடமானது. கட்டிடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிடம் முளைத்தது. தொட்டிக்குள் ஒரு கம்பியைச் சொருகினார்கள். நுரை அதைத் தொட்டதும் எண்ணெய் தானாகவே சொட்டியது. நுரைக்காரிக்கு இனி அங்கே வேலை இல்லை என்பது அவளுக்கே புரிந்தது. ஆனால் அவள் கவலைப்படவில்லை. ஒருநாள் புரொபசர் எல்லோரையும் கூட்டி வைத்து, கம்பெனி இன்சுலின் செய்யப் போகிறது என்றார். முன்பு மாட்டின் கணையத்தை அரைத்து எடுத்த சரக்கை, இனிமேல் ஒரு கிருமிக்குச் சொல்லிக் கொடுத்தால் அதுவே செய்து தரும் என்று விளக்கினார். பழைய ஆட்கள் எல்லோருக்கும் புதிய சுத்த அறையில் வேலை என்றும் சொன்னார். அன்று மாலையே தையல்காரர் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு வியாதி கண்டுபிடித்த வருஷமும் அதுதான். மனைவி கையாலேயே மருந்து செய்து தரப்போகிறாள் என்பதில் அவருக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. "கைராசிக்காரிடி நீ" என்றார்.

சுத்த அறைக்குப் போக ஒரு பரீட்சை உண்டு. எழுத வேண்டியதில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை, இதெல்லாம் எங்கும் உரசாமல் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டு முடித்ததும் கிருமிப் பரிசோதனைக்காரப் பெண் ஒருத்தி வந்து, கூழ் தடவிய சிறு தட்டுகளை விரலிலும் முன்கையிலும் நெற்றியிலும் ஒற்றி எடுப்பாள். கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவள், எல்லோருக்கும் கிருமி மேடம். தட்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்தால் சில நாளில் தெரிந்துவிடும். தட்டு வெறுமையாக இருந்தால் தேறியாயிற்று. புள்ளி புள்ளியாக முளைத்திருந்தால் இல்லை.

நெட்டை முதல் தடவையிலேயே தேறினான். நுரைக்காரியின் தட்டில் முளைத்திருந்தது. பழக்கமில்லாததால் உடுப்பு எங்கேயோ உரசியிருக்கும் என்றார்கள். இரண்டாவது தடவையும் முளைத்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் கையை ஊறவைத்து, துணி தேய்க்கிற பிரஷ்ஷால் முழங்கை வரை தேய்த்தாள். எரிந்தது. ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டாள், இன்னும் எரிந்தது. அடுத்த தட்டில் முன்பைவிட அதிகமாக முளைத்தது.

கிருமி மேடத்துக்கும் புரியவில்லை. கடைசியில், கையுறை இல்லாமல் வெறுங்கையை ஒரு பெரிய தட்டில் அழுத்தச் சொன்னாள். காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான். சில நாள் கழித்து அவளைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினாள். ஒரு முழுக் கை முளைத்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும், மஞ்சளும் வெள்ளையுமாகப் புடைத்து, ரேகை இருந்த இடமெல்லாம் கொப்பளித்து. கோணல் சுண்டுவிரல்கூட அப்படியே இருந்தது. ஓரத்தில் பஞ்சு போல ஏதோ படர்ந்திருந்தது.

நுரைக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

கிருமி மேடம் பதமாகத்தான் பேசினாள். எல்லார் தோலிலும் கிருமி உண்டு, தொட்டி கழுவுகிற காரத் தண்ணியில் வருஷக்கணக்காக வேலை செய்த தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும், தேய்க்கத் தேய்க்க இன்னும் உதிரும், இது வியாதியும் இல்லை குற்றமும் இல்லை என்றாள். தோல் டாக்டரும் அதையே சொன்னார். ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று அனுப்பிவிட்டார். நுரைக்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்டது அழிக்குமா? ஒருத்தியைப் பற்றி நல்லதாகச் சொல்வதென்றால் கை சுத்தமானவள் என்றுதானே சொல்வார்கள். தன்னைப் பற்றி இனி யாரும் அப்படிச் சொன்னால் அது பொய் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

கம்பெனி அவளை வெளியே அனுப்பவில்லை. பின்பக்கத்தில் கழிவுக் கொட்டகை ஒன்று உண்டு. வேலை முடிந்த தொட்டியின் தண்ணீரை அப்படியே சாக்கடையில் விட முடியாது, உள்ளே இருக்கிற கிருமி சாகும்வரை கொதிக்க வைத்துத்தான் விட வேண்டும். அங்கே போட்டார்கள். சம்பளத்தில் குறைவில்லை. வீட்டில் கேட்டபோது, "பழையபடி தொட்டி வேலைதான்" என்றாள். அதில் பொய் இல்லை. அதற்கப்புறம் தையல்காரர் சொன்னதையெல்லாம் திருத்தாமல் விட்டது மட்டும்தான் அவள் செய்தது.

காலம் போனது. கம்பெனி இன்சுலினோடு நிற்கவில்லை. புற்றுநோய்க்கு ஊசி மருந்து, கடல் தாண்டி விற்பனை, வெளிநாட்டு அதிகாரிகள் வந்து தரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவது என்று வளர்ந்தது. அதைப் பார்த்துத் தெருவுக்கு ஒரு கல்லூரி பயோடெக் படிப்பு தொடங்கியது. படித்தவர்களில் பாதிப் பேர் செல்போன் கடையில் நின்றார்கள். நுரைக்காரியின் தங்கை மகளும் அதைத்தான் படித்தாள். அவளுக்குக் கம்பெனியிலேயே, அதுவும் சுத்த அறைக்கு, ஆள் எடுப்பதாகத் தெரிந்தது.

நுரைக்காரிக்குச் சந்தோஷம் வர வேண்டும். பயம்தான் வந்தது. உள்ளே போனால் யாராவது சொல்லிவிடுவார்களே. தங்கை வீட்டுக்குப் போய், அந்த வேலை உடம்புக்கு ஆகாது, நாள் முழுக்க முகத்தை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, வேறு இடம் பார்க்கலாம் என்று எடுத்துச் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நீ மட்டும் அங்க இத்தனை வருஷமா இருக்கலாம், என் பொண்ணு வரக் கூடாதா?" என்றாள். பொறாமை என்று நினைத்துவிட்டாள். நுரைக்காரி மறுத்துப் பேசவில்லை. உண்மையைவிடப் பொறாமை என்ற பெயர் தேவலை என்று எழுந்து வந்துவிட்டாள்.

பெண் வேலையில் சேர்ந்தாள். முதல் வாரம் முடிந்து பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தங்கையும் வந்திருந்தாள். பயிற்சி எப்படி இருந்தது என்று தையல்காரர் கேட்க, அவள் கை வீசிப் பேச ஆரம்பித்தாள். திரையில் ஒரு படம் போட்டார்களாம். ஒரு தட்டில் ஒரு கை முளைத்து நிற்கிறதாம், காளான் பயிரிட்ட மாதிரி. கம்பெனியில் வேலை பார்த்த யாரோ பழைய ஆளின் கையாம். இப்படி ஒரு கை உள்ளே போனால் மருந்தின் கதி என்ன என்று பாடம்.

"எல்லாரும் சிரிச்சிட்டோம் பெரியப்பா. அந்த ஆள் வீட்டுல சமையல் வேற பண்ணுவாங்களோ என்னமோன்னு ஒருத்தன் கேட்டான். எனக்குச் சிரிப்ப அடக்கவே முடியல."

தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். நுரைக்காரியும் சிரித்தாள். அவள் கையில் பரிமாறுகிற கரண்டி இருந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்ததுபோல உள்ளே போய் நின்றாள். உள்ளே போயும் வாய் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தது, அதை நிறுத்துவது எப்படி என்று தெரியாததால்.

அதற்குப் பிறகு அவளிடம் சில மாற்றங்கள் வந்தன. யாருக்கும் எதையும் கையால் எடுத்துக் கொடுக்க மாட்டாள், கிண்ணத்தில் வைத்து நகர்த்துவாள். தையல்காரர் அதை வயதானதால் வந்த சுத்தம் என்று எடுத்துக்கொண்டார். தங்கை மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி அறையில் குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. நுரைக்காரியின் முறை வந்தபோது, அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும், தூங்குது, எதுக்கு எழுப்பணும்" என்றாள். குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது. பெயர் வைத்த பிறகும் அப்படித்தான், தவழ ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். வேலைக்கு வராதே என்று தடுத்தவள் பிள்ளையைத் தூக்குவாளா என்று தங்கை முகத்துக்கு நேராகவே சொன்னாள். தங்கை மகள் வருவது குறைந்தது.

சுத்த அறைக்காரர்களுக்கு அந்தப் பயிற்சி அவ்வப்போது மறுபடியும் உண்டு. பிரசவ விடுப்பு முடிந்து வந்த தங்கை மகளை அதில் உட்கார வைத்தார்கள். அதே படம். இந்த முறை அவள் சிரிக்கிற கூட்டத்தில் இல்லை, தூக்கம் கெட்ட தாய், சும்மா வெறித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்று கண் போனது. சுண்டுவிரலில் வந்து நின்றது.

மதிய இடைவேளையில் கழிவுக் கொட்டகைக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. கொதிகலன் இரைச்சல் காதை அடைத்தது. பெரியம்மா குழாய் ஓரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அது உங்க கைதானே பெரியம்மா?"

எந்தக் கை என்று கேட்கலாமா என்று நுரைக்காரி யோசித்தாள். பிறகு, "யார் சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. விரல் தெரிஞ்சுது." முக்காலிக்குப் பக்கத்தில் வந்து, "நான் சிரிச்சேனே. வீட்டுக்கு வந்து உங்க முன்னாடியே சொல்லிச் சிரிச்சேனே" என்றாள்.

"நானும்தானே சிரிச்சேன்."

தங்கை மகள் அழுதாள். அணைத்து ஆறுதல் சொல்ல வேண்டிய இடம்தான். நுரைக்காரி கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கிவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது முழுதாக விளங்கியது. சாயங்காலம் குழந்தையோடு நேராகப் பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டாள். குழந்தை விழுந்துவிடாமல் இருக்க நுரைக்காரி பிடித்தாக வேண்டும், பிடித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும், குழந்தையின் சட்டைக்கு மேலேதான் பிடித்திருந்தாள், தோலில் படாமல்.

அன்று கணவரிடமும் சொல்லிவிட்டாள். தையல்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை. மறுநாள் ஒரு வாடிக்கைக்காரருக்கு அளவெடுக்கும்போது பழக்க தோஷத்தில் குப்பியைத் தூக்கினார். "இது என்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, குப்பியைத் திரும்ப வைத்தார். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு, அவர் பெருமை பேசிய நாளெல்லாம் குத்தியதைவிட அந்த ஒரு நிறுத்தல் அதிகமாகக் குத்தியது. அப்புறம் சில நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தார், கொஞ்சம் சுருக்கிக்கொண்டு. "என் பொண்டாட்டி கம்பெனி மருந்து" என்பார், அவ்வளவுதான்.

தங்கை மகள் அதோடு விடவில்லை. கிருமி மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள். அதற்குள் அந்த அம்மாள் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தாள், தலை நரைத்திருந்தது. யாருடைய கை என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். கையில் கிடைத்த நல்ல படம் என்று பாடத்தில் சேர்த்தது, வருஷா வருஷம் அதுவே தொடர்ந்தது. கொட்டகைக்குத் தானே நடந்து வந்து மன்னிப்புக் கேட்டாள். நாளைக்கே படத்தை எடுத்துவிடுகிறேன் என்றாள். நுரைக்காரி பதறிப்போனாள்.

"வேணாம் மேடம். எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. என் கைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அப்படி அந்தப் படம் அங்கேயே இருந்தது. புதிதாக வந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அதை எடுத்தது நியாயமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒரு மெஷின். கம்பெனி இப்போது தன் மருந்தைவிட அடுத்த நாட்டுக் கம்பெனிகளின் மருந்தைத்தான் அதிகமாகச் செய்து கொடுத்தது. அவர்கள் மனிதர் நுழையாத அறை வேண்டும் என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரக் கைகள் குப்பியை நிரப்பி மூடுகிற ஏற்பாடு வந்தது. தொட்டிகள்கூடப் போய்விட்டன, ஒரு தடவை வளர்த்துவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைகள் வந்தன. உடுப்புப் பரீட்சைக்கு ஆள் குறைந்ததும் அந்தப் பயிற்சியும் நின்றது, படமும் அதோடு போயிற்று.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கச் சிலர் போதும். மற்றவர்களுக்கு வேலை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். நெட்டைக்கும் வந்தது. அவன் ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது. தங்கை மகளுக்கும் வந்தது. அவள் பெரியம்மா வீட்டுக்கு வந்து பையை நாற்காலியில் போட்டுவிட்டு, புது விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்றாள்.

"அழுக்குக்குக் காரணமே மனுஷங்கதானாம் பெரியம்மா. மனுஷங்கள வெளிய வெச்சா எல்லாம் சரியாயிடுமாம்."

இதைக் கேட்டதும் நுரைக்காரியின் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியது. அது வருத்தமில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் மட்டும் இல்லை, நீங்களும்தான், எல்லோரும்தான் என்கிற சந்தோஷம். எதிரே தங்கை பெற்ற பிள்ளை வேலை போய் உட்கார்ந்திருக்கிறாள், இவளுக்கு உள்ளே குளிர்கிறது. தட்டில் முளைத்த கையைப் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு கூசியதில்லை. அது தோல். இது வேறு.

அந்தக் கூச்சம்தான் அவளை மறுநாள் கிருமி மேடத்தின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது. தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. அறையில் வேறு சில அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று, வாசலிலேயே நின்று சொன்னாள்.

"பயிற்சியில காட்டுவீங்களே, முளைச்ச கை. அது என் கை. இத்தன வருஷம் அதை வெச்சுப் பாடம் நடத்தினீங்க, நான் ஒண்ணும் கேக்கல. இப்ப கேக்கறேன். என் தங்கச்சி பொண்ணுக்கு ஏதாவது ஒரு இடம் குடுங்க."

அதிகாரிகள் அவள் கையைத்தான் பார்த்தார்கள். அவள் மறைக்கவில்லை. கிருமி மேடம், பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஓர் இடம் இருக்கிறது, அதற்கு வேறு ஒருவரை நினைத்து வைத்திருந்தேன், பார்க்கிறேன் என்றாள். அந்த வேறு ஒருவர் யார் என்று நுரைக்காரி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்தது மறதியால் இல்லை.

தங்கை மகளுக்கு அந்த இடம் கிடைத்தது. தங்கை அக்காவின் வீட்டுக்கு வந்து, பழையதையெல்லாம் மறந்துவிடு என்று கண் கலங்கினாள். தையல்காரர் குப்பியைத் தூக்கிப் பேசுவதற்குப் புதிய விஷயம் கிடைத்தது. நுரைக்காரி ஓய்வு பெற்றாள். அந்த இடம் யாருக்கென்று வைத்திருந்தது என்பது அதற்குப் பிறகுதான், பேச்சோடு பேச்சாக, அவள் காதுக்கு வந்தது. தொட்டியிலிருந்து சுத்த அறை வரை எல்லா வேலையும் பார்த்தவன் என்று நெட்டைக்காகத்தான் வைத்திருந்தார்களாம்.

ஒருநாள் காலையில் அவனைச் சந்தையில் பார்த்தாள். ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்குகிற இடத்தில் நின்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். உயரத்தால் தூரத்திலேயே தெரிந்தான். திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தாள், அதற்குள் அவன் பார்த்துவிட்டான். தூசியைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"எப்படிக்கா இருக்கீங்க? பொண்ணுக்கு உள்ளேயே வேலை கிடைச்சிடுச்சாமே. கேட்டேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் "வீட்டுல எல்லாரும் சவுக்கியமா?" என்று வேறு ஏதோ வந்தது. சவுக்கியம்தான் என்றான். அவள் காய்கறிப் பை கனமாக இருப்பதைப் பார்த்து, பேருந்து நிறுத்தம் வரை தூக்கி வருகிறேன் என்று வாங்கிக்கொண்டான். அவள் விட்டுவிட்டாள். அவன் முன்னால் நீளநீளமாக அடி வைத்துப் போக, அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.